படத்தில் விழுந்த கறுப்பு

பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு,

நீ கப்பலேறிப் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. சேர்ந்துவிட்டேன் என்று உன் அக்காவுக்கு ஒரு வரி எழுதினாய். எனக்கு அதுவும் இல்லை. போகட்டும். உங்கள் ஆய்வுக் கப்பலுக்கு வாரம் ஒரு முறை சரக்குப் படகு வரும், தபாலும் அதில்தான் என்று உன் கம்பெனியில் சொன்னார்கள். அதை நம்பி எழுதுகிறேன். இது சமாதானக் கடிதம் இல்லை, வேலைக் கடிதம்.

நாம் இருவரும் சேர்ந்து செய்த ஸ்கேன் மெஷின் நீ விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. படத்தின் நடுவே எப்போதாவது ஒரு கறுப்புப் பட்டை விழுகிறது. கண் சிமிட்டுவதற்குள் போய்விடுகிறது. படத்தை உறைய வைக்கிற நொடியில் விழுந்துவிட்டால் அச்சிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்கேன் டாக்டரம்மா போன வாரம் மறுபடி வந்து பார்த்தார். "வயித்துல கறுப்புன்னா தண்ணின்னு அர்த்தம். இந்தக் கறுப்பு மெஷினோடதா, படுத்திருக்கிற ஆளோடதா? அது தெரியாம ஒரு நோயாளியையும் நான் இதுல படுக்க வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் வேறு மெஷின் வாங்கிக்கொள்வார், நான் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

நீ கப்பலேறுவதற்கு முன், அவர் முதலில் வந்து பார்த்த அன்றைக்கு, அவர் முன்னால் "சேமிக்கிற பகுதி என் மச்சினன் எழுதினது, கோளாறு அதுலதான் இருக்கணும்" என்றேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். இப்போதும் சொல்கிறேன், சர்க்யூட் பலகையும் வயரும் என் பொறுப்பு, அதில் கோளாறு இல்லை. உன் பகுதியில் நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

இரண்டு காரியம் செய். அந்தச் சேமிக்கிற, மீட்கிற கட்டளைகள் என்ன செய்கின்றன என்று டாக்டரம்மாவுக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பு. பிறகு தப்பு எங்கே என்று தேடு.

உன் அக்கா சௌக்கியம். நாம் இருவரும் ராசியாகும்வரை இருவரோடும் அளவாகத்தான் பேசுவாளாம். அந்த அளவு எனக்கு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை.

அத்தான்


பிப்ரவரி 12

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. சமாதானக் கடிதம் இல்லை என்று தெளிவாகச் சொன்னதற்கு நன்றி.

இங்கே எனக்குக் கடலடியைப் படம் பிடிக்கிற வேலை. அங்கே வயிறு, இங்கே கடல். ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்குவதுதான் இரண்டும். ஒரே வித்தியாசம், இங்கே யாரும் டாக்டர் முன்னால் என்னைக் கை காட்டுவதில்லை.

டாக்டரம்மாவுக்கு எழுதியது இது. நீங்களும் ஒரு முறை படித்துவிட்டுக் கொடுங்கள்.

நம் புராசஸர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். படம் வரைவது ஒரு வேலை, பொத்தான்களைக் கவனிப்பது ஒன்று, உள்ளே சூடு ஏறுகிறதா என்று பார்ப்பது ஒன்று. எல்லாம் சேர்ந்து நடப்பதுபோலத் தெரிவது, ஒன்றை நிறுத்தி இன்னொன்றை நுழைத்து மாற்றி மாற்றி ஓட்டுவதால். நிறுத்தப்படுகிற வேலையின் கையில் அந்த நொடியில் பாதிக் கணக்கு இருக்கும். அந்தக் கைக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். எல்லா வேலைகளுக்கும் சேர்த்து இருப்பது ஒரே கைதான். அதனால் நினைவகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். கையில் இருப்பதைப் பெட்டியில் வை என்பது சேமிக்கும் கட்டளை. பெட்டியில் இருப்பதைக் கையில் கொடு என்பது மீட்கும் கட்டளை. நிறுத்தப்பட்ட வேலைக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியக் கூடாது.

கையில் இருப்பதில் எந்தெந்தப் பகுதியைச் சேமிக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாததை அது தொடாது, ஏன் சொல்லவில்லை என்று கேட்கவும் கேட்காது. பெட்டியின் தலைப்பில் எந்தப் பகுதியில் சரக்கு இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதிவைக்கும். மீட்கும்போது அந்தக் குறிப்பைத்தான் நம்பும். சரக்கு இல்லை என்று குறித்த பகுதியைத் தேடிக்கூடப் பார்க்காது, ரெஜிஸ்டரைத் துவக்க நிலையில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். பெட்டி தப்பான முகவரியில் தொடங்கினால் கட்டளை ஓடாது, அங்கேயே தகராறு செய்யும்.

டாக்டரம்மாவுக்கு இது போதும். இனி உங்களுக்கு. நம் மெஷின் தகராறு செய்யவில்லை, ஆகவே முகவரி சரி. எந்தப் பகுதிகள் என்ற பட்டியலும் சரி. என் நகலை மடிக்கணினியில் வைத்து வரி வரியாகப் பார்த்துவிட்டேன். நீங்கள்தான் எதையோ நோண்டியிருக்கிறீர்கள். பட்டை முதலில் விழுந்த நாளுக்கு முன்னால் என்னவெல்லாம் செய்தீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள். அற்பமாகத் தோன்றுவதையும் எழுதுங்கள். அச்சிட்ட படங்களையும் அனுப்புங்கள்.

அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்த நாலு வார்த்தையில் ஒன்று எனக்குச் செலவாகட்டும்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 20

மாப்பிள்ளைக்கு,

விசாரணைக் கமிஷன் மாதிரி கேட்டிருக்கிறாய். சொல்கிறேன், எழுதிக்கொள்.

மின்விசிறியை மாற்றினேன், பழையது கரகரவென்று சத்தம் போட்டது. வயிற்றில் வைத்துப் பார்க்கிற ப்ரோப்பின் வயரைக் கொஞ்சம் குட்டையாக்கினேன், காலில் தட்டியது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன். படுக்கைக்கு ரெக்சின் மாற்றினேன். அதுவும் புராசஸரைக் கெடுக்குமா என்று நீயே சொல்.

பிறகு, உன் பெட்டிகளைச் சேமிப்பதற்கு முன்னால் ஒரு தரம் துடைத்துவைக்கிற மாதிரி ஒரு வரி போட்டேன். ஒரு நோயாளியின் படத்துணுக்கு அடுத்தவர் வரும்போது நினைவகத்தில் கிடக்கக் கூடாதல்லவா? பாத்திரத்தைக் கழுவாமல் அதிலேயே மறுபடி ஊற்றுகிற வழக்கம் எனக்கு எப்போதும் இல்லை, உனக்கே தெரியும். உன் கட்டளையை நான் தொடவில்லை. அதற்கு முந்தின வரியில் பெட்டியைப் பூஜ்யமாக்குகிறேன், அவ்வளவுதான். அதன் மேலேதான் உன் கட்டளை புதிதாக எழுதப்போகிறதே. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, நீ கேட்டாயே என்று சொன்னேன்.

டாக்டரம்மாவுக்கு நீ எழுதியதைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்க மச்சினன் நல்லா எழுதறாரே, அவரை ஏன் விட்டீங்க?" என்றார். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் உன் அக்காதான். மத்தியானம் சாப்பாட்டுக் கூடையோடு வந்தால், நான் சாப்பிடும் முன் பத்து நிமிடம் அவளைப் படுக்க வைத்து ஜெல்லைத் தடவிப் பார்த்துவிடுகிறேன். வேறு யார் கிடைக்கிறார்கள் எனக்கு? பட்டைகள் எங்கெங்கோ விழுகின்றன. நாளெல்லாம் காத்திருந்தாலும் சில நாள் விழுவதில்லை. ஆனால் ஒன்று மட்டும் தினமும் வருகிறது, அடிவயிற்றின் வலது பக்கத்தில், வட்டமாக. அதைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். கோளாறைப் பிடிக்க அது உனக்கு உதவும். வேண்டும் என்கிறபோது காட்ட முடிகிற ஒரே கோளாறு அதுதான்.

அத்தான்


பிப்ரவரி 27

அத்தானுக்கு,

கிடைத்துவிட்டது. கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நீங்கள் சொன்ன வரிதான்.

நான் போட்டது சாதாரணச் சேமிப்புக் கட்டளை இல்லை, அதில் சிக்கன வகை. கடைசியாக எந்தப் பெட்டியிலிருந்து மீட்டது என்று புராசஸர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். மீட்ட பிறகு ஒரு பகுதியை யாரும் மாற்றவில்லை, மறுபடி அதே பெட்டியில்தான் வைக்கச் சொல்கிறார்கள் என்றால், அதான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே என்று அதை எழுதாமல் விட்டுவிடும். எழுதுகிற நேரம் மிச்சம். பெட்டிக்குள் எட்டிப் பார்க்காது. தன் ஞாபகத்தைத்தான் நம்பும். ஆனால் தலைப்பில் மட்டும் சரக்கு உண்டு என்று ஒழுங்காகக் குறித்துவிடும்.

இப்போது பாருங்கள். படம் வரைகிற வேலைக்கு அதன் எண்களை மீட்டுக் கொடுக்கிறோம். அவற்றை மாற்றுவதற்குள் யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள், வேலை மறுபடி நிற்கிறது. உங்கள் வரி வந்து பெட்டியைத் துடைக்கிறது. என் கட்டளை வந்து, ஒன்றும் மாறவில்லை, எழுதத் தேவையில்லை என்று போய்விடுகிறது. தலைப்பில் சரக்கு உண்டு, உள்ளே வெறும் பூஜ்யம். அடுத்த முறை மீட்கிற கட்டளை அந்தப் பூஜ்யங்களைப் பொறுப்பாக எடுத்துக் கையில் கொடுக்கிறது. படத்தில் பூஜ்யம் என்றால் கறுப்பு. எப்போதாவதுதான் விழுகிறது என்பதற்கும் இதுதான் காரணம், அவ்வளவு குறுகிய இடைவெளியில் வேலை நிற்பது அபூர்வம்.

'பெட்டியை இடையில் யாரும் தொடக் கூடாது' என்று கட்டளைக்கு மேலேயே குறிப்பு எழுதியிருந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் ஒரு நோயாளி எழுந்து போய், படம் வரைகிற வேலையே முடிந்த பிறகு துடையுங்கள், அடுத்தவருக்கு அதைப் புதிதாகத் தொடங்குங்கள். பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, டாக்டரம்மாவிடம் யார் வரி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதை நான் கேட்காமல் விட மாட்டேன்.

நீங்கள் சிவப்பில் சுழித்ததைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதவில்லை. வரியை எடுத்த பிறகு அக்காவைப் படுக்க வைத்து, அந்த இடத்தை ப்ரோப்பை நேராக வைத்து ஒன்று, சாய்த்து இரண்டு, இப்படிப் படம் எடுத்து அனுப்புங்கள். மறக்காமல் அனுப்புங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 8

மாப்பிள்ளைக்கு,

வரியை எடுத்தேன். ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை, நாலு நாள் ஓட்டினேன். பொத்தான்களைக் குழந்தை மாதிரி மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தேன். ஒரு பட்டைகூட இல்லை. பழையபடி வரியைப் போட்டேன், அன்று மாலையே விழுந்தது. மறுபடி எடுத்தேன், நின்றது. இனி வாதாட இடமில்லை.

உன் குறிப்பையும் பார்த்தேன். தொடக் கூடாது என்றுதானே எழுதியிருந்தாய்? நான் துடைக்கத்தானே செய்தேன் என்று உன் அக்காவிடம் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அது நாலு வார்த்தைக் கணக்கில் வராது.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "தப்பு என்னுது, மச்சினனுது இல்லை" என்றேன். வரவேற்பறையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் காதிலும் விழுந்தது. உனக்குத் திருப்தியா? எனக்கு முகம் சுண்டிப்போயிற்று, ஆனாலும் சொன்ன பிறகு நிம்மதியாகத்தான் இருந்தது. மெஷினைத் திங்கட்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் வேலை முடியவில்லை, மாப்பிள்ளை. உன் அக்கா படத்தில் அந்த வட்டம் மட்டும் இன்னும் வருகிறது. வரி இருந்தாலும் வருகிறது, இல்லாவிட்டாலும் வருகிறது. ஆக, எங்கேயோ இன்னொரு ஓட்டை இருக்கிறது. இந்த முறை நிச்சயம் என்னுடையது இல்லை, நான் துடைத்த இடங்களையெல்லாம் பார்த்துவிட்டேன். உன் பட்டியலில் ஏதாவது ஒரு பகுதி விடுபட்டிருக்கும். அல்லது அந்தச் சிக்கனக் கட்டளையே ஏதாவது கோணல் செய்கிறதோ என்னவோ. திங்கட்கிழமைக்குள் உன் பதில் வராது என்று தெரியும். டாக்டரம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. நீ கண்டுபிடித்துவிடுவாய், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

நீ கேட்ட படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாகத் தேடு. இந்த ஒரு தரம் தப்பு உன்னுடையதாக இருந்தால் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அத்தான்


மார்ச் 14

அத்தானுக்கு,

இதைப் படகுக்காரர் கையிலேயே கொடுத்து, கரையிறங்கியதும் கூரியரில் போடச் சொல்லியிருக்கிறேன். நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அந்த வட்டம் நம் கோளாறு இல்லை. ரெஜிஸ்டரில் பூஜ்யம் வந்தால் அது ஒரே அகலத்தில், ரம்பத்தால் அறுத்த மாதிரி நேரான ஓரத்தோடு விழும். ஒரே இடத்தில் தினமும் விழுவதற்கு அதற்கு வழியே இல்லை. ப்ரோப்பைச் சாய்த்தாலும் அது சாயாது, ஏனென்றால் அது இருப்பது திரையில். நீங்கள் அனுப்பிய மூன்று படத்திலும் ப்ரோப்போடு சேர்ந்து வட்டம் நகர்கிறது, பக்கத்துத் தசையும் கூடவே நகர்கிறது. வட்டத்துக்குக் கீழே வெளிச்சம் கூடியிருக்கிறது. தண்ணீரைக் கடந்து வருகிற ஒலி அப்படித்தான் வரும், கடலிலும் அப்படித்தான். எந்தப் பெட்டிக்கும் அக்காவின் வயிறு எங்கே இருக்கிறது என்று தெரியாது, அத்தான்.

முந்தைய படங்களிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. எழுதக் கை வரவில்லை. முதலில் வரியை எடுக்கட்டும், அதோடு இதுவும் போய்விடும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் சொன்னபடி தேடினேன். இதற்கு முன்னால் என் எழுத்தில் தப்பு இல்லை என்று காட்டுவதற்காகத் தேடினேன். இந்த முறை, தப்பு கிடைத்துவிட வேண்டும் என்று தேடினேன். பகுதிகளின் பட்டியல், முகவரி, தலைப்புக் குறிப்பு, சேமிப்பது, மீட்பது எல்லாவற்றையும் கப்பலில் இருக்கிற இன்னொரு மெஷினில் ஓட்டினேன். கூட வேலை செய்கிறவர், "உன் புரோகிராம் நல்லாத்தானே ஓடுது, ஏன் தலையில கை வெச்சுட்டு உக்காந்திருக்க?" என்று கேட்டார்.

சாட்டிலைட் போனில் எனக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. அக்காவைக் கூப்பிட்டேன். "உங்க அத்தானோட ராசியாயிட்டியா?" என்றாள். "இன்னும் இல்ல, அதுக்கு முன்னால ஒண்ணு கேளு" என்பதற்குள், "ஆயிட்டுக் கூப்பிடு" என்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. உங்கள் எண்ணுக்கும் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

அதனால் உங்களிடம்தான் சொல்கிறேன். நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டரம்மாவின் பழைய மெஷினில் பார்க்கச் சொல்லுங்கள். நம்முடையதில் வேண்டாம். இன்னொரு ஓட்டை தேடலாம் என்று உட்காராதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளை


மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

முதலில் முக்கியமானது. உன் அக்கா நன்றாக இருக்கிறாள். வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்று காலை ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தாள்.

உன் கடிதம் வந்தபோது எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. தன் புரோகிராம் சரி என்று நிரூபிக்க இவன் எதையும் எழுதுவான் என்று நினைத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அரை நாள் சுற்றினேன். தப்பு உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உனக்கு இப்போது புரிந்திருக்கும். எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. மெஷின் பொய் சொல்கிறவரை அவளுக்கு ஒன்றும் இல்லை அல்லவா?

சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனேன். பழைய மெஷினில், வேறு ப்ரோப்பில், அதே இடத்தில் அதே வட்டம். சூலகத்தில் நீர்க்கட்டி. நல்ல எலுமிச்சம்பழம் அளவு. அது முறுக்கிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார்கள். மறுநாளே அறுவை சிகிச்சை. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், கெட்டது ஒன்றும் இல்லை என்று நேற்று முடிவு வந்தது. முடிவு வரும்வரை நான் எப்படி இருந்தேன் என்று எழுத வரவில்லை.

மெஷின் டாக்டரம்மாவிடம்தான் இருக்கிறது. வேலை செய்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத மனசில்லை.

இன்னொன்று. அன்று டாக்டரம்மா உன் அக்காவைப் படுக்க வைத்து, ஜெல் தடவுவதற்கு முன்னாலேயே, "வலி இருக்காம்மா?" என்று கேட்டார். "இருக்கு டாக்டர். ரெண்டு மூணு மாசமா வலது பக்கம் சுருக்கு சுருக்குன்னு குத்துது" என்றாள், நேற்று மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி. "ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்றேன்.

திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "தினமும் படுக்க வெச்சு என் வயித்தைத்தான் பாத்தீங்க. அவனும் அங்கேருந்து என் வயித்தைப் பத்தித்தான் பக்கம் பக்கமா எழுதினான். ரெண்டு பேரும் படத்தைத்தான் கேட்டீங்க. என்னை யாரு கேட்டா?"

இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் அடுத்த படகில் எழுது. என் பெயருக்கு வேண்டாம், அவள் பெயருக்கே போடு.

அத்தான்